அம்பை நோவதேன்? – குளோரீன் அச்சமும் யாழ்ப்பாணத்து நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே குடிநீர் பற்றிய பேச்சு எங்கெழுந்தாலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, குளோரீன் இட்ட நீரைக் கண்டாலே முகஞ்சுளிக்கும் குரல். 'மருந்துத் தண்ணீர்' என்று அதற்குப் பெயரிட்டு, பாட்டன் காலத்துக் கிணற்றின் இனிமையைப் பாடிக் கொண்டிருப்பது அது. அண்மைக் காலத்தில் அக்குரலுக்கு விஞ்ஞானத்தின் துணையும் கிடைத்துவிட்டது. குளோரீன் நீரிலே புற்றுநோய்ப் பொருள்களைப் பிறப்பிக்கின்றது என்ற அரைகுறைச் செய்தியே அத்துணை. மற்றது, வெளிற்றும் தூளை வாளியிற் கரைத்துக் கிணற்றினுள் ஊற்றிவிட்டாற் கடமை முடிந்தது என்று கருதும் அலுவலகக் குரல்.

இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே தவற்றின் இரு முகங்களாகும். நீரின் தூய்மையை, நீருக்குள் இடப்படும் பொருளைக் கொண்டே இரண்டும் அளக்கின்றன. நீருக்குள் முன்னரே கிடப்பது யாது, அதனை அங்கு இட்டவர் யார் என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை. எழுப்பப்படாத அவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதலில், குளோரீன் மீது சாட்டப்படும் குற்றத்தை நேர்மையாக நோக்குதல் வேண்டும். அக்குற்றச்சாட்டு வெறுங் கட்டுக்கதையன்று. 1974ஆம் ஆண்டிலே ஒல்லாந்து நாட்டின் றொட்டர்டாம் நகரில் நீர்வழங்கல் நிலையமொன்றிற் பணியாற்றிய யொகானஸ் றூக் என்னும் இரசாயனவியலாளர், றைன் ஆற்றின் நீருக்குக் குளோரீன் இட்டபொழுது அதிலே குளோரோபோம் உண்டாவதைக் கண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஆய்வாளர்களும் இதே முடிவுக்கு வந்தனர். மழையோடு ஆற்றிற் சேரும் இலைதழைகளின் அழுகலும், மண்ணிலிருந்து கரையும் பழுப்புநிறச் சேதனப் பொருள்களும் குளோரீனோடு கூடுகின்றன. அக்கூட்டத்திலே பிறப்பவற்றுள் குளோரோபோம் முதலிய நான்கு சேர்வைகள் திரையலோமெதேன்கள் என ஒருங்கே வழங்கப்படுகின்றன. அலோஅசற்றிக்கு அமிலங்கள் முதலிய வேறு பலவும் பின்னர் இனங்காணப்பட்டன. 1979ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா திரையலோமெதேன்களின் மொத்த அளவுக்கு ஓர் இலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் என எல்லை வகுத்தது. 1998ஆம் ஆண்டின் விதிகள் அதனை 80 ஆகக் குறைத்தன. இத்தகைய நீரை நெடுங்காலம் அருந்துவோரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்று மிகுந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவித்துள்ளன. எனவே, அச்சப்படுவோரை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடல் முறையாகாது.

ஆயினும் இவ்விரசாயனத்தின் உள்ளடக்கத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். குளோரீன் தனித்து நின்று இந்நச்சுப் பொருள்களைப் படைப்பதில்லை. தூய நீரிலே இட்ட குளோரீன் தூய நீரிலே குளோரீனாகவே நிற்கும். அது எதனோடு கூடுகின்றது என்பதே பக்கவிளைபொருளின் தன்மையைத் தீர்மானிக்கின்றது. சேதன அழுக்கோடு கூடினால் குளோரோபோம். கடலுப்பின் வழிவந்த புரோமைட்டு இருப்பின் புரோமீன் ஏறிய சேர்வைகள். மலசலக் கழிவின் அமோனியாவோடு கூடினால் குளோரமீன்கள். அக்கழிவிலுள்ள சில அமீன்களோடு அக்குளோரமீன்கள் கூடினால், மிகச் சிறிய அளவிலேயே தீங்கு பயக்கும் நைத்திரசோஅமீன்கள். உலக சுகாதார நிறுவனம் குளோரோபோமுக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 300 மைக்கிரோகிராம். நைத்திரசோஅமீன் வகையைச் சேர்ந்த ஒரு பொருளுக்கு வகுத்த எல்லையோ 0.1 மைக்கிரோகிராம். இலைச் சருகின் குற்றத்துக்கும் மலக்குழியின் குற்றத்துக்கும் இடையேயுள்ள தொலைவினை இவ்விரு எண்களே எடுத்துக் காட்டும்.

ஆகவே, பக்கவிளைபொருள் என்பது குளோரீன் எழுதும் சாட்சியம். நீரிலே என்ன அழுக்கிருந்தது என்பதனை அது பதிவு செய்கின்றது. எய்தவனிருக்க அம்பை நோவானேன் என்னும் பழமொழி இவ்விடத்துக்கென்றே பிறந்தது போலும்.

அம்பை முறித்தெறிந்தால் என்ன நிகழும் என்பதும் வரலாறு அறிந்த செய்தியே. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்ரன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபொழுது அந்நகரின் நீர்க்குழாய்கள் வெளிற்றும் தூட் கரைசலாற் சுத்திகரிக்கப்பட்டன. 1908ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜேர்சி நகரத்தில் யோன் லீல் என்னும் மருத்துவர், நகரம் முழுவதற்குமான நீருக்குக் குளோரீன் இடும் வழக்கத்தைத் தொடக்கினார். நீருக்கு 'நஞ்சூட்டினார்' என்ற பழி அவர் மீதும் சுமத்தப்பட்டது. வழக்குமன்றம் வரை அது சென்றது. அதன்பின் வந்த சில பத்தாண்டுகளில், மேலைநாட்டு நகரங்களில் நெருப்புக்காய்ச்சலால் இறப்போர் தொகை படிப்படியாக அருகிப் போயிற்று. வடிகட்டலும் வடிகாலும் இதிலே பங்குகொண்டன என்பது உண்மையே. குளோரீனின் பங்கினை மறுப்பாரும் இலர்.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வரலாறு அயலாருடையதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வாந்திபேதி இக்குடாநாட்டைப் பலமுறை சூறையாடியது. அந்நோய்க்கு யாழ்ப்பாணத்து வழக்கிலுள்ள 'கோதாரி' என்னும் பெயர் இன்று நோயின் பெயராக எவர் நினைவிலும் இல்லை. வாய்ச்சண்டையிலே வாரி வீசப்படும் வசைச்சொல்லாகவே அது எஞ்சியிருக்கின்றது. ஊர் ஊராக மக்கள் மாண்ட ஒரு பேரழிவு, மூன்று தலைமுறைக்குள் வெறும் வசவாகச் சுருங்கிவிட்டதெனின், அது ஒரு சமூகத்தின் மறதிக்குச் சான்று மட்டுமன்று. பொதுச் சுகாதாரத்தின் வெற்றிக்குஞ் சான்றாகும். தான் வென்ற பகையை மறக்கச் செய்வதே நல்ல மருந்தின் இயல்பு. பகை மறந்து போனபின் மருந்தே பகையாகத் தோன்றுவது மறதியின் இயல்பு.

1991ஆம் ஆண்டு சனவரியிலே பெரு நாட்டின் கரையோர நகரங்களில் வாந்திபேதி தோன்றி, அவ்வாண்டில் மட்டும் அந்நாட்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்து, ஏறத்தாழ 2,900 உயிர்களைக் கவர்ந்தது. புற்றுநோய் அச்சத்தாற் குளோரீன் இடுதல் கைவிடப்பட்டமையே இதற்குக் காரணம் என்று சிலர் எழுதினர். பின்னர் ஆராய்ந்தோர், உடைந்த குழாய்களும் ஒழுங்கற்ற நீர்வழங்கலும் வறுமையுமே தலையாய காரணங்கள் என விளக்கினர். பின்னையோர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எனினும் காரணம் அச்சமாயினும் அசட்டையாயினும், காப்பற்ற நீர் பாய்ந்த இடத்திலே சாவு பாய்ந்தது என்பதில் இரு சாராரும் உடன்படுவர். பக்கவிளைபொருள்களைக் குறைக்கும் முயற்சியிலே தொற்றுநீக்கத்தை ஒருபொழுதும் விட்டுக்கொடுத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துவதும் இதனாலேயே. பல்லாண்டு கழித்து ஒருவேளை நேரக்கூடிய கேட்டுக்கு அஞ்சி, நாளையே நேரக்கூடிய சாவினை வரவேற்பது விவேகமாகாது.

நாளைய சாவு என்பது வெறும் அலங்காரமுமன்று. 2000ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பல ஆண்டுகளில், இலங்கையில் நெருப்புக்காய்ச்சல் அதிகமாகப் பதிவான மாவட்டங்களுள் யாழ்ப்பாணம் முன்வரிசையிலே நின்றது. செங்கமாரியும் வயிற்றோட்டமும் மழைக்காலந்தோறும் தலைகாட்டுகின்றன. இவை யாவும் மலத்தினின்றும் வாய்க்குச் செல்லும் நோய்கள். அவ்வழியை அறிய இக்குடாநாட்டின் நிலவியலைச் சற்று நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறென்று ஒன்றில்லை. வலிகாமத்திலே மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு தவிர, ஆறெனப் பெயர் பெற்றவை எல்லாம் கடனீரேரியின் கைகளே. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழை மண்ணூடு இறங்கி, மயோசின் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடலின் உவர்நீருக்கு மேலே மெல்லிய வில்லை போல மிதக்கும் இந்நன்னீரே குடாநாட்டின் ஒரே சொத்து. நவக்கிரியின் நிலாவரைக் கிணறு மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருப்பது இவ்வமைப்பினை எவருங் காணக் காட்டும் சான்று. மணலூடு செல்லும் நீர் வடிகட்டப்படுகின்றது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பூடு செல்லும் நீரோ வீதியிலே செல்லும் வண்டி போலத் தடையின்றிச் செல்கின்றது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடி இருத்தல் வேண்டும் என்னும் விதி, மண்ணை நம்பி எழுதப்பட்டது. வெடிப்புடைய கல்லுக்கு அவ்விதி தெரியாது.

அவ்வைம்பது அடிதானும் எங்கேயுள்ளது? தந்தையின் வளவு மக்கட்குப் பிரிந்து, மகளின் சீதனமாக மீண்டும் பிரிந்து, இரண்டு பரப்புக் காணி ஒரு குடும்பத்தின் முழு உலகமாகின்றது. அவ்விரண்டு பரப்புக்குள்ளே வீடும் கிணறும் மலசலகூடமும் அமைய வேண்டும். அயலவனும் தன் இரண்டு பரப்புக்குள்ளே அவ்வாறே அமைக்கின்றான். தன் கிணற்றிலிருந்து தன் குழியை விலக்கி வைப்பவன், அயலவன் கிணற்றோரம் அதனைக் கொண்டு சென்று வைக்கின்றான். வேலிக்காக வழக்காடிய சமூகம், வேலிக்கு அடியாற் செல்லும் நீருக்காக ஒரு நாளும் வழக்காடவில்லை. சீதன முறையின் தீமைகளைப் பற்றி மேடைகளிலே எத்தனையோ பேசப்பட்டுள்ளன. அம்முறை நிலத்தைத் துண்டாடியதன் வாயிலாகக் கிணற்று நீரையும் கெடுத்தது என்பது பேசப்படாத பொருளாகவே இருந்து வருகின்றது.

இதனிலும் கசப்பான உண்மையொன்றுண்டு. தூய்மை என்னும் சொல்லை யாழ்ப்பாணச் சமூகம் போல் ஓயாது உச்சரித்த சமூகங்கள் சிலவே. நன்னீர்க் கிணற்றின் கட்டிலே ஒடுக்கப்பட்ட சாதியார் கைவைக்கலாகாது என்றும், அவர்கள் காத்து நின்று பிறர் வார்த்த நீரையே ஏந்திச் செல்லல் வேண்டும் என்றும் தலைமுறை தலைமுறையாக விதித்தது இச்சமூகமே. அக்கிணற்றின் அடியிலே தன் மலக்குழியின் கசிவு நாள்தோறும் கலந்துகொண்டிருந்ததை அது கண்டிலது; காணவும் விரும்பிற்றிலது. மனிதன் தீண்டினால் நீர் கெடும் என்று நம்பியவர்கள், மலம் தீண்டிய நீரை இனிது என்று பருகினார்கள். நுண்ணங்கிக்குச் சாதி தெரியாது. நைத்திரேற்றுக்குக் குலம் தெரியாது. தீட்டுக் கோட்பாட்டின் முழுப் பொய்ம்மையையும் ஒரு போத்தல் கிணற்று நீரின் பரிசோதனையே வெளிப்படுத்திவிடும். இன்று குளோரீனின் மணத்தைக் கண்டு 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று கூறும் மனப்பாங்கிலும் அப்பழைய தீட்டுணர்வின் சாயலையே காண முடிகின்றது. வெளியிலிருந்து வருவது கெடுக்கும், உள்ளிருப்பது தூயது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

மணத்தைப் பற்றிய இன்னொரு மயக்கத்தையும் நீக்குதல் அவசியம். நீரிலே மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தால் குளோரீன் மிகுந்துவிட்டது என்றே எவரும் கருதுவர். பெரும்பாலும் உண்மை இதற்கு மாறானது. அமோனியாக் கழிவோடு கூடிப் பிறந்த குளோரமீன்களே அக்கடுமணத்துக்குக் காரணமாவதுண்டு. அம்மணம் மருந்தின் மிகுதியை அறிவிப்பதன்று, அழுக்கின் மிகுதியை அறிவிப்பது. அதனை நுகர்ந்தவர் குளோரீனை நிறுத்துமாறு கேட்பதற்கு முன், தம் குழியைத் தேடிச் செல்லல் வேண்டும்.

நைத்திரேற்றின் கதை இவ்வாதத்தை நிறைவு செய்கின்றது. மலக்குழிக் கசிவும், வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களிலே அள்ளி வீசப்படும் இரசாயன உரமும் சேர்ந்து, குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவை, உலக சுகாதார நிறுவனம் வகுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு அப்பால் உயர்த்தியுள்ளமையை 1980கள் தொட்டுப் பல ஆய்வுகள் எடுத்துரைத்துள்ளன. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாமற் போகும் நீலக் குழந்தை நோய்க்கு இதுவே ஏது. இந்நைத்திரேற்றைக் குளோரீன் அகற்றாது. கொதிக்க வைத்தலும் அகற்றாது. நீர் ஆவியாகச் சென்றுவிட, எஞ்சும் நீரிலே அது செறிவடையும். குளோரோபோமோ எளிதில் ஆவியாகும் பொருள். மூடாத பாத்திரத்திற் கொதிக்க வைத்தால் பெரும்பகுதி பறந்துவிடும். இதன் கருத்தினை எவரும் எண்ணிப் பார்க்கலாம். குளோரீன் தந்த குற்றம் அடுப்பிலே தீர்ந்துபோகின்றது. மனிதன் தந்த குற்றம் அடுப்பாலுந் தீர்வதில்லை. இருந்தும், பழி சுமப்பது குளோரீனே!

அச்சக் குரலுக்கு இவ்வளவு விடை போதும். இனி அலுவலகக் குரலை நோக்குவோர், அது இதனினும் பொறுப்பற்றது என்பதைக் காண்பர். வெள்ளம் வந்தபொழுதோ நோய் பரவியபொழுதோ வெளிற்றும் தூள் வாளி வாளியாகக் கிணறுகளிலே கொட்டப்படுகின்றது. முதல் நாள் நீரை வாயில் வைக்க முடியாது. வெறுத்த மக்கள் அதனை இறைத்து வெளியே ஊற்றுகின்றனர். வெடிப்புகளூடு புதிய நீர் ஓயாது ஊறும் சுண்ணக்கற் கிணற்றிலே சில நாட்களில் மருந்தின் சுவடே எஞ்சுவதில்லை. நீரிலே எஞ்சி நிற்கும் குளோரீன் இலீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருத்தல் நன்று என்பது எங்கும் ஏற்கப்பட்ட அளவு. அவ்வளவை அளந்து பார்க்கும் எளிய கருவி ஒரு பாடசாலை மாணவனாலும் கையாளத் தக்கது. அளவாமல் இடப்படும் மருந்து மருந்தாகாது, அது சடங்கு. கோயிற் கிணற்றிலே தீர்த்தம் தெளிப்பதற்கும், அளவறியாது வெளிற்றும் தூள் தெளிப்பதற்கும் விஞ்ஞான நோக்கில் வேறுபாடு அதிகமில்லை. அத்துடன், கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். உவரோடு புரோமைட்டும் வரும். புரோமீன் ஏறிய சேர்வைகளும் வரும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கிணறுகளை உவராக்கிய அனுபவம் உள்ள மண்ணிலே, எல்லாக் கிணற்றுக்கும் ஒரே வாளி என்னும் நிருவாக முறை ஏற்கத்தக்கதன்று.

மக்கள் நம்ப மறுப்பதற்கும் காரணம் உண்டு. சுன்னாகத்து அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் மிதந்தபொழுது நிகழ்ந்தவற்றை எவரும் மறந்திலர். நிபுணர் குழுக்களின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அறிக்கைகளின் மொழி பொதுமக்களுக்கு எட்டவில்லை. தாம் அருந்தும் நீரைத் தாம் நம்பலாமா என்ற ஒரே வினாவுக்கு ஆண்டுக்கணக்கில் விடை கிடைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உயர் நீதிமன்றம், நிலத்தடி நீர் மாசுபட்டது என்பதை ஏற்று, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இத்தகைய அனுபவம் பெற்ற மக்கள், 'குளோரீன் நல்லது, குடியுங்கள்' என்று அதிகாரம் கூறியவுடன் தலையாட்டுவர் என எதிர்பார்ப்பது பேதைமை. நம்பிக்கை அறிவித்தலாற் பிறப்பதன்று. அளவுகளை மறையாது வெளியிடுவதாற் பிறப்பது.

இனி வருங்காலம் பற்றிய செய்தி. யாழ்ப்பாணத்துக்கு நீர் கொணரும் திட்டங்கள் பல. கடனீரேரிகளை நன்னீராக்கும் பொறியியலாளர் ஆறுமுகத்தின் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் கனவு 1950களிலே எழுந்து முற்றுப்பெறாது நின்றது. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கும் இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொணரும் திட்டம் 2010ஆம் ஆண்டின் பின் உருப்பெற்று, கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான எதிர்ப்பினால் மாற்றமடைந்தது. அதற்கு ஈடாக, வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கி வழங்கத்தக்க நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. குழாய் வந்துவிட்டது, குறை தீர்ந்துவிட்டது என்று கொண்டாடுவோர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. கடல்நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டு உண்டு. மென்சவ்வூடு செலுத்தியபின் நூற்றில் ஒரு பங்கே எஞ்சினாலும் அது 0.65 மில்லிகிராமாகும், சாதாரண ஆற்று நீரிலே காணப்படுவதைவிட இது பன்மடங்கு அதிகம். அந்நீரிலே சேதனப் பொருள் அரிது. ஆதலால் தனித்து நிற்கும்வரை பெருங் கேடில்லை. அதே குழாயிலே கிணற்று நீரோ குளத்து நீரோ கலக்கப்படுமாயின், புரோமைட்டு சேதனப் பொருளைச் சந்திக்கும். குளோரீன் இரண்டையும் சந்திக்கும். அன்றியும், திரவக் குளோரீன் மருந்தை வெயிலிலே மாதக்கணக்காக வைத்திருந்தால் அது வலுவிழப்பதோடு குளோரேற்றாகவும் மாறும். இவை தடுக்க முடியாத கேடுகளல்ல. கலக்கும் விகிதம், மருந்தின் வயது, குழாயின் கடைக்கோடியிலுள்ள அளவு ஆகியவற்றைக் கண்காணிப்போர் இருந்தால் தடுக்கலாம். இல்லையேல் தடுக்க முடியாது.

கழிவுநீர் பற்றிய வினா இன்னும் கூர்மையானது. யாழ்ப்பாண நகர் முழுவதையும் தழுவிய கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இன்றும் இல்லை. என்றேனும் ஒருநாள் அது அமையும். அன்று, கழிவுநீருக்குக் குளோரீன் இட்டுக் கடனீரேரியில் விடுதலே மலிவான வழி என்று எவரேனும் கூறுவர். அமோனியா நிறைந்த கழிவுநீரிலே, எஞ்சி நின்று தொழிற்படும் குளோரீன் வேண்டுமெனின், அமோனியாவிலுள்ள நைதரசனின் ஒவ்வொரு பங்குக்கும் எட்டுப் பங்களவு குளோரீன் முதலில் விரயமாக வேண்டும். அதற்குக் குறைவாக இட்டால் விளைவன குளோரமீன்கள். இவையும் எஞ்சிய குளோரீனும் மீன்குஞ்சுக்கும் இறாற்குஞ்சுக்கும் கொடிய நஞ்சு. ஆழங்குறைந்த யாழ்ப்பாணக் கடனீரேரியிலே இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல. நகரத்தவனின் கழிவை நீக்கும் செலவினை மீனவனின் வலையிலிருந்து அறவிடுவதற்குச் சுத்திகரிப்பு என்று பெயர் சூட்டலாகாது. புறவூதாக் கதிரால் நுண்ணங்கிகளை அழிக்கும் முறை உண்டு. கழிவுநீரை ஆழமற்ற குளங்களிலே வெயிலில் நிறுத்தித் தூய்மையாக்கும் முறை உண்டு. குளோரீன் இட்டேயாக வேண்டுமெனின், வெளியேற்றுமுன் எஞ்சியதைக் கந்தகச் சேர்வைகளால் நீக்கும் முறையும் உண்டு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டிலே இரண்டாவது முறையை ஆராயாது விடுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

தமிழ் மாணவர் ஏடொன்றிலே இரசாயனத்துக்கு என்ன வேலை என்று வினவுவாரும் இருக்கலாம். அவர்களுக்கு வரலாறே விடையளிக்கும். மானிப்பாயிலே மருத்துவம் புரிந்து, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன், 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலை 1875ஆம் ஆண்டில் தமிழில் வெளிவரச் செய்தார். வாந்திபேதி ஊர்களை அழித்த அந்நூற்றாண்டிலேயே, மக்கள் தம் மொழியில் விஞ்ஞானத்தை அறிந்தாலன்றி நோய் நீங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின்னர், தன் கிணற்று நீரின் பரிசோதனைத் தாளை வாசித்துப் பொருள் கொள்ளும் ஆற்றல் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எத்துணை உண்டு? கலைப்பீடத்தார் தொன்மை பேசிக் களிக்க, விஞ்ஞானபீடத்தார் ஆங்கிலத்திலே ஆய்வு செய்து அடுக்கி வைக்க, இரண்டுக்கும் இடையே கிணற்றடியில் நிற்கும் தாய் வதந்தியையே அறிவாகக் கொள்கின்றாள். வதந்தி பரவுவது மக்களின் அறியாமையால் மட்டுமன்று, அறிந்தோரின் மௌனத்தாலுமாகும். மொழிப்பற்று என்பது இம்மௌனத்தைக் கலைப்பதிலும் வெளிப்படுதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன பலவல்ல. கசியும் குழிகளுக்கு மாற்றாக அடிமூடிய தொட்டிகள் அமைதல் வேண்டும். அதற்கு வசதியற்ற குடும்பங்களுக்கு அரசு கைகொடுத்தல் வேண்டும். அயலவர் கூடித் தத்தம் கிணறுகளையும் குழிகளையும் ஒரே வரைபடத்திற் குறித்து வைத்தல் வேண்டும். உரத்தின் அளவினை விளைச்சல் தீர்மானிக்கட்டும், விற்பனையாளன் தீர்மானித்தலாகாது. குளோரீன் இடுவோர் அளந்து இடுதலும், இட்டபின் அளத்தலும் வேண்டும். குழாய்நீரின் நுண்ணங்கி, நைத்திரேற்று, புரோமைட்டு, திரையலோமெதேன் அளவுகள் மாதந்தோறும் ஒவ்வொரு பிரதேச சபை வாயிலிலும், சனசமூக நிலையத்திலும், தெளிந்த தமிழில் எழுதி ஒட்டப்படுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பினை வேண்டி நிற்பதன்று. மனத்துணிவையும் சிறிது பணத்தையும் வேண்டி நிற்பனவே.

இவை நிறைவேறும்வரை குளோரீன் இருக்கட்டும். அதன் சுவையைச் சகித்தல் கடினமாயினும், பிள்ளையின் நெருப்புக்காய்ச்சலைச் சகிப்பதினும் எளிது. இவை நிறைவேறிய பின்னரும் குளோரீன் இருக்கும். நீண்ட குழாயிலே நீரைக் காக்க அது வேண்டும். ஆனால் அன்று அது தூய நீரைக் காக்கும் காவலனாக இருக்கும். இன்று போல, அழுக்கோடு கூடி அதன் பழியையும் சுமக்கும் கூலியாக இராது. மருந்தைக் குறைக்க விரும்புவோர் முதலில் நோயைக் குறைக்கட்டும். கிணற்றுக்குள்ளே நஞ்சைத் தேடுவோர், வேலியோரத்திலே தம் கையால் வெட்டிய குழியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.